இசைத்தூணின் உறுப்புக்கு ஒரு சொல்: நரம்புக்கால், ஒலிக்கால், ஒலிகால்

நெல்லை டவுனிலிருந்து

அனைவருக்கும் வணக்கம்.

கோயில் கட்டடக்கலைக் குறிப்புகளையும், தூண்களை அளந்து ஒலியைப் பதியும் படிவத்தையும் தமிழில் தொகுக்கும்போது ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சிக்கல் வருகிறது. நெல்லையப்பர் கோயில் மணிமண்டபத்தில் நடுவே ஒரு பெருந்தூண், அதைச் சுற்றி அதே கல்லில் குடைந்தெடுத்த 48 மெல்லிய தூண்கள். இதில் 'இசைத்தூண்' எது? மொத்தத் தொகுதியா, தட்டினால் ஒலிக்கும் ஒவ்வொரு மெல்லிய தூணுமா? இரண்டுக்கும் அந்த ஒரு சொல்லையே போடுகிறோம். அதனால் எண்ணிக்கை ஆளுக்கு ஒன்றாகப் போகிறது. மதுரையில் ஐந்து தொகுதிகள், ஒவ்வொன்றிலும் 22. சுசீந்திரம் அலங்கார மண்டபத்தில் வடக்கே இருக்கும் இரு தொகுதிகளில் 24, 24. தெற்கே இருக்கும் இரண்டில் 33, 33. இந்தச் சுசீந்திரத்துக்கே ஒருவர் '4 இசைத்தூண்கள்' என்று எழுதுவார், அடுத்தவர் '114 இசைத்தூண்கள்' என்பார். இருவரும் சொல்வது சரிதான். படிப்பவருக்குத்தான் குழப்பம்.

'இசைத்தூண்' மக்கள் நாவில் பதிந்த சொல். அதை முழுத் தொகுதிக்கே விட்டுவிடலாம். உறுப்பாக நிற்கும் மெல்லிய தூணுக்குத் தனிச்சொல் வேண்டும். என் முன்மொழிவு 'நரம்புக்கால்'. தூணைக் 'கால்' என்பது நம்மிடம் இன்றும் உயிரோடு இருக்கிறது: ஆயிரங்கால் மண்டபம், பந்தக்கால். பழந்தமிழ் இசையில் 'நரம்பு' என்றால் யாழின் தந்தி மட்டுமல்ல, சுரமும்கூட. இரண்டும் நன்றாகப் பொருந்துகின்றன என்று நினைக்கிறேன்.

பாளையங்கோட்டையிலிருந்து

'கால்' சரி, அண்ணாச்சி. 'நரம்பு' வேண்டாம். இழுத்துக் கட்டிய நரம்பின் அதிர்வெண் நீளத்துக்கு எதிர்விகிதத்தில் மாறும்; நீளம் பாதியானால் சுரம் ஒரு ஸ்தாயி ஏறும். இருமுனையும் கல்லோடு கல்லாக நிற்கும் தண்டு அப்படி அதிர்வதில்லை, வளைந்து அதிர்கிறது. அங்கே அதிர்வெண் விட்டத்துக்கு நேர்விகிதம், நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம். நீளம் பாதியானால் இரண்டு ஸ்தாயி ஏறிவிடும். அடிப்படை அதிர்வோடு கூடவே எழும் மேற்சுரங்களும் வேறு. நரம்பில் 1 : 2 : 3 : 4 என்று ஒழுங்காக அடுக்கி வரும், தண்டில் 1 : 2.76 : 5.40 : 8.93. கல்லின் ஒலியில் வீணையின் சாயல் இல்லாமல் மணியின் சாயல் இருப்பது இதனால்தான். பெயரிலேயே 'நரம்பு' என்று வைத்தால் மாணவர் நரம்பின் சூத்திரத்தைத்தான் தேடிப் போவார்.

கணக்குக்கு: விட்டம் 8 செ.மீ., நீளம் 120 செ.மீ. உள்ள உருண்டைக் கருங்கல் தண்டை எடுத்துக்கொள்வோம். கல்லில் ஒலி விநாடிக்கு 4,300 மீட்டர் ஓடுகிறது என்றால் அடிப்படை அதிர்வெண் சுமார் 210 ஹெர்ட்ஸ் வரும். விட்டம் 5 மி.மீ. குறைந்தால் ஏறத்தாழ அரைச்சுரம் இறங்கும். திருப்பணியில் மணல்வீச்சு அடித்துச் சுற்றிலும் இரண்டரை மி.மீ. கல் போனாலே போதும், சுரம் போயிற்று. அடியில் சிமெண்ட் பூசி மூன்றரை செ.மீ. மூடினால் அதிரும் நீளம் குறைந்து அரைச்சுரம் ஏறும். ஆகவே சொல்லை மட்டும் முடிவு செய்தால் போதாது. வரையறையில் 'அதிரும் நீளம்' என்பது தண்டின் இரு முனைக்கும் இடையே கல் விடுபட்டு நிற்கும் நீளம் என்று எழுத வேண்டும். தரையிலிருந்து அளக்கும் உயரத்தை அங்கே போட்டுவிடக் கூடாது.

உள்ளே பொள்ளல் என்ற பேச்சும் ஒழிய வேண்டும். ஹம்பி விட்டலர் கோயில் தூண்களைக் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தார் ஆராய்ந்தபோது திண்மையான கல் என்றே தெரிந்தது. 'குழல்' என்று தொடங்கும் எந்தச் சொல்லையும் எடுக்காதீர்கள்.

அம்பாசமுத்திரத்திலிருந்து

சிற்ப வழக்கில் 'அணியொட்டிக்கால்' என்று ஒன்று ஏற்கெனவே இருக்கிறதே என்று யாராவது கேட்பார்கள். அது பெருந்தூணோடு சிறுதூணோ உருவமோ சேர்ந்து நிற்கும் கூட்டுத்தூணைக் குறிக்கும். நாயக்கர் கால மண்டபங்களில் அணிக்காக மட்டும் நிற்கும் மெல்லிய கால்களும் ஏராளம். அவற்றோடு இதைச் சேர்த்துவிடக் கூடாது. 'சிறுகால்' என்றால் விடியற்காலை நினைவுக்கு வரும். 'சுரக்கால்' என்றால் எல்லாமே சுரம் பேச வேண்டும். லயத்துக்கு என்று சொல்லப்படும் தூண்களும் இருக்கின்றன. 'கற்கருவி' என்று ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். தொல்லியலில் அது கற்காலக் கோடரிக்குப் போய்விட்டது.

நான் சொல்வது 'ஒலிக்கால்'. சிற்ப மரபில் கல்லையே ஒலியைக் கேட்டுத்தான் ஆண்கல், பெண்கல், அலிக்கல் என்று பிரிக்கிறார்கள். ஒலி இல்லாத அலிக்கல்லில் இந்த வேலை நடக்காது.

வேலையைப் பற்றி ஒன்று. வெளிப்புறம் பார்த்த பக்கத்தை உளி நேராகப் பொளியலாம். நடுத்தூணைப் பார்த்த உட்பக்கத்துக்கு இடைவெளி வழியேதான் உளி போக வேண்டும். சாய்த்துப் பிடித்துத்தான் செதுக்க முடியும். உட்பக்கம் சற்றே தட்டையாக நிற்பது அதனால்தான். அளவெடுக்கும்போது விட்டத்தை ஒரு திசையில் மட்டும் எடுத்துவிட்டு வராதீர்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து

முக்கியமான குறிப்பு, ஐயா. வெட்டுமுகம் முழுவட்டமாக இல்லாவிட்டால் தண்டு நடுத்தூண் நோக்கி ஓர் அதிர்வெண்ணிலும், குறுக்கே சற்று வேறான அதிர்வெண்ணிலும் அதிரும். இரண்டும் கலந்து 'வோம், வோம்' என்று விம்மல் கேட்கும். அதை விரிசல் என்று குறித்துவிடும் ஆபத்து உண்டு. விரிசல் விழுந்த கல்லில் ஒலி சட்டென்று செத்துவிடும், சுரமும் இறங்கியிருக்கும், சில சமயம் கரகரக்கும். விம்மலில் ஒலி நீளும்.

பதிவுக்கு விரல் கணு போதும். நாணயமோ கல்லோ படவே கூடாது, தட்டித் தட்டியே பல இடங்களில் கல் பெயர்ந்திருக்கிறது. சரிபாதி உயரத்தில் தட்டினால் அடிப்படை அதிர்வு நன்றாக எழும், முதல் மேற்சுரமான 2.76 மடங்கு எழாது. கால்பங்கு உயரத்தில் தட்டினால் அதுவும் வரும். இரண்டு இடத்திலும் பதிவு செய்யுங்கள். அதிர்வெண் பகுப்புக்கு ஒரு விநாடி நீளத் துண்டாவது வேண்டும். பத்தில் ஒரு விநாடித் துண்டை எடுத்தால் பிழை 10 ஹெர்ட்ஸ் வரை போகும். 210 ஹெர்ட்ஸ் பக்கத்தில் அரைச்சுரமே 12 ஹெர்ட்ஸ்தான். பக்கத்துக் கால்களும் பொது அடிக்கல் வழியே கூடவே அதிரும். பதிவுக்கருவியைத் தட்டிய காலுக்கு நாலு விரல் தொலைவில் வையுங்கள்.

நெல்லை டவுனிலிருந்து

'நரம்பு'வை விட்டுவிட்டேன். 'ஒலிக்கால்' பிடித்திருக்கிறது, க் மட்டும் வேண்டாம். 'ஒலி' இங்கே பெயர்ச்சொல் என்றால் 'ஒலியின் கால்' என்று மொட்டையாக நிற்கும். வினைப்பகுதியாகக் கொண்டால் வினைத்தொகை: ஒலித்த கால், ஒலிக்கின்ற கால், ஒலிக்கும் கால். வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ஊறுகாய், சுடுகாடு போல 'ஒலிகால்'. ஒலிகடல், ஒலிகழல் என்று செய்யுளிலும் இதே அமைப்பு உண்டு. முன்பு ஒலித்து இப்போது அடங்கிப்போனதையும் அந்தத் தொகை தாங்கும்.

அம்பாசமுத்திரத்திலிருந்து

ஒலிகால். சம்மதம். ஒலியே எழாமல் போனதைப் படிவத்தில் தனியாகக் காட்ட 'ஊமைக்கால்' என்று வையுங்கள். அங்கே க் வரும். நடுவில் நிற்பது 'தாய்த்தூண்'. ஆழ்வார்திருநகரியின் கல் நாகசுரம் ஊதி ஒலிப்பது, அது துளைக்கருவி. இந்தப் பட்டியலில் வராது.

நெல்லை டவுனிலிருந்து

அப்படியானால் படிவம் இப்படி: இசைத்தூண் (தொகுதி), தாய்த்தூண், ஒலிகால் எண்ணிக்கை, ஊமைக்கால் எண்ணிக்கை. எண் இடுவது கிழக்கு முகத்து முதல் காலில் தொடங்கி வலமாக. ஒவ்வொரு ஒலிகாலுக்கும் அதிரும் நீளம், இரு திசை விட்டம், வெட்டுமுகம், அடிப்படை அதிர்வெண், விம்மல் உண்டா இல்லையா. வெட்டுமுகம் உருண்டை, எட்டுப்பட்டை, பதினாறுபட்டை என்று மூன்று போட்டிருக்கிறேன். முறுக்காகச் செதுக்கிய கால்களுக்கு விட்டத்தை எந்த இடத்தில் எடுப்பது என்று அம்பாசமுத்திரத்து ஐயா எழுதி அனுப்பினால் அந்தக் கட்டத்தையும் சேர்த்துவிடலாம்.