பிரேக் சத்தமும் சனிக்கிழமைக் கொல்லிமலையும்

குழு: அப்புச்சி வீட்டுச் சொந்தங்கள்

வியாழன்

அக்கா (காலை 7:52): மாமா, எழுந்துவிட்டீர்களா? சனிக்கிழமை கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோவிலுக்குப் போகிறோம், எங்கள் காரில்தான். நேற்று சாயங்காலத்தில் இருந்து முன்பக்கம் கீச் கீச்சென்று சத்தம். வீடியோ அனுப்புகிறேன்.

அக்கா: [வீடியோ]

அம்மா: மலைக்குப் போகிற நேரத்தில் இப்படியா! தம்பி, கொஞ்சம் என்னவென்று பார்.

ராசிபுரம் மாமா (8:10): பார்த்தேன். காற்றுச் சத்தம்தான் அதிகம் கேட்கிறது. அம்மிணி, நான் கேட்பதற்குப் பதில் சொல். பிரேக் மிதிக்கும்போது வருகிறதா, சும்மா ஓடும்போதும் வருகிறதா? ஒரு பக்கமா, இரண்டு பக்கமா? மெல்லிய கீச்சா, கரகரவென்று உரசலா?

அக்கா: ஓடும்போதே வருகிறதுங்க மாமா. பிரேக்கை லேசாகத் தொட்டால் நின்றுவிடுகிறது, விட்டால் மறுபடியும். இடது பக்கம் மட்டும். மெல்லிய சத்தம்தான்.

சேலம் சித்தி: அண்ணா, எங்கள் காரிலும் காலையில் எடுக்கும்போது உரசுகிற சத்தம் வருகிறதே? ராத்திரி நல்ல மழை இங்கே.

ராசிபுரம் மாமா: உன்னுடையது வேறு. சக்கரத்தோடு சுற்றுகிற பிரேக் தட்டுதான் டிஸ்க், அது வார்ப்பிரும்பு. ஈரம் பட்டால் விடிவதற்குள் மேலாகத் துரு பூத்துவிடும். நான்கைந்து முறை பிரேக் போட்டதும் உரசிப் போய்விடும். தெருமுனை தாண்டியதும் நின்றுவிட்டால் கவலையே வேண்டாம். வண்டி கழுவிய மறுநாளும் அப்படித்தான் வரும்.

சேலம் சித்தி: ஆமாம் அண்ணா, பெரிய ரோட்டுக்கு வருவதற்குள் நின்றுவிடுகிறது. சரி சரி, நீங்கள் அவள் வண்டியைப் பாருங்கள்.

நான்: மாமா, ஆயில் ஸ்ப்ரே அடித்தால் பிரேக் சத்தம் போய்விடும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். அக்கா வீட்டில் கதவுக் கீலுக்கு அடிக்கிற டப்பா இருக்கிறது.

ராசிபுரம் மாமா: மாப்பிள்ளை, அதை மட்டும் செய்யவே கூடாது. டிஸ்க்கை பேட் என்கிற உரசுகட்டை இறுக்கிப் பிடித்து உரசுவதால்தான் வண்டி நிற்கிறது. அங்கே எண்ணெய் போனால் பிடிப்பு போய்விடும். பேட் எண்ணெயை உறிஞ்சிக்கொண்டால் துடைத்துச் சரிசெய்யவும் முடியாது, மாற்றத்தான் வேண்டும். டிஸ்க்கில் அடிக்கலாம் என்றால் பிரேக் கிளீனர் ஒன்றுதான், அது அழுக்கைக் கரைத்து ஆவியாகிவிடும்.

ராசிபுரம் மாமா: அம்மிணி, ஒரு 10 நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்து. முன் சக்கரம் இரண்டுக்கும் அருகில் உள்ளங்கையைக் கொண்டுபோய்ப் பார், தொடாதே, டிஸ்க் சுட்டுவிடும். ஒரு பக்கம் மட்டும் அதிகச் சூடா என்று சொல். வீலில் கறுப்புத்தூள் எந்தப் பக்கம் அதிகம் என்றும் பார்.

அக்கா (9:25): இடது பக்கம் அனல் அடிக்கிறதுங்க மாமா. வலது பக்கம் அவ்வளவு இல்லை. தூளும் இடது பக்கம்தான் நிறைய.

அக்கா: இவர் ஸ்டீரிங்கை முழுவதும் ஒடித்து வைத்து, டார்ச் அடித்துப் பேட்டைப் பார்த்தார். பாதிக்குமேல் இருக்கிறதாம். 6 மி.மீ. இருக்கும் என்கிறார். போட்டோ போடுகிறேன்.

அக்கா: [புகைப்படம்]

அப்பா: பேட் நன்றாகத்தானே இருக்கிறது? நடுவில் கல் ஏதாவது மாட்டியிருக்கும். நம் தோட்டத்து மண்ரோட்டில் வந்தீர்கள் அல்லவா?

ராசிபுரம் மாமா: கல் மாட்டுவதும் உண்டுங்க மாமா. டிஸ்க்குக்குப் பின்னால் மெல்லிய தகடு ஒன்று இருக்கிறது, அதற்கும் டிஸ்க்குக்கும் நடுவில் பொடிக்கல் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் அதற்குப் பிரேக் மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் ஒரே மாதிரி கரகரவென்று வரும். இது பிரேக் தொட்டதும் நிற்கிறது. அதோடு சூடும் சேர்ந்து வருகிறது.

ராசிபுரம் மாமா: போட்டோவில் தெரிவது வெளிப்பக்கத்துப் பேட். ஒரு சக்கரத்துக்கு இரண்டு பேட், டிஸ்க்குக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. உள்பக்கத்துப் பேட் வெளியில் இருந்து பார்த்தால் தெரியாது. வண்டியை ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றினால்தான் தெரியும். எனக்கு அந்த உள்பேட் மேல்தான் சந்தேகம்.

நான்: ஒன்று தேய்ந்தால் இன்னொன்றும் தேயாதா மாமா?

ராசிபுரம் மாமா: தேய வேண்டும். பிரேக் ஆயில் அழுத்தத்தில் பேட்டைத் தள்ளுகிற பிஸ்டன் இருப்பது உள்பக்கம் மட்டும். அது உள்பேட்டைத் தள்ளும், அந்த எதிர்விசையில், பேட்டைப் பிடித்திருக்கிற கேலிப்பர் முழுவதும் ‘பின்’ என்கிற இரண்டு இரும்புக் கம்பி மேல் வழுக்கி வந்து வெளிப்பேட்டை இழுத்து அமுக்கும். பின்னில் கிரீஸ் காய்ந்தோ துருப்பிடித்தோ இறுகிவிட்டால் கேலிப்பர் நகராது. வேலை முழுவதும் உள்பேட் தலையில் விழும். பிரேக்கை விட்டாலும் டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டே இருக்கும், அதுதான் சூடு.

ராசிபுரம் மாமா: கீச்சென்று கேட்பது அனேகமாகப் பேட்டில் இருக்கிற சின்ன இரும்பு நாக்கு. புதுப் பேட் 10 மி.மீ. போல இருக்கும். 2, 3 மி.மீ.க்குத் தேய்ந்ததும் அந்த நாக்கு டிஸ்க்கைத் தொட்டுக் கத்தும். நமக்குச் சொல்வதற்காகவே வைத்திருப்பது அது. அதை மீறி ஓட்டினால் பேட் தீர்ந்து இரும்பும் இரும்பும் அரைக்கும், டிஸ்க்கும் போய்விடும். அந்தக் கரகர சத்தம் வந்துவிட்டால் வண்டியை எடுக்கவே கூடாது.

அப்புச்சி: பேசாமல் பஸ்ஸில் போய் வாருங்கள் சாமி. நாமக்கல்லில் இருந்து இருக்கிறது. கார்தான் என்றால் முள்ளுக்குறிச்சி வழியாகப் போங்கள்.

அக்கா: பஸ் சிரமம்ங்க அப்புச்சி. அத்தைக்கு முழங்கால் வலி, குழந்தை வேறு.

ராசிபுரம் மாமா: எந்த வழியில் போனாலும் மலை மலைதான் அப்பா. அடிவாரத்துக் காரவள்ளியில் இருந்து 70 கொண்டை ஊசி வளைவு. ஏறுவதில் பிரேக்குக்கு வேலை இல்லை, இறங்கும்போது எல்லாமே பிரேக்தான். சரிசெய்யாமல் நான் போக விடமாட்டேன். அம்மிணி, நாளைக் காலையில் முதல் வேலையாக ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோ. அதுவரை வண்டி நிற்கட்டும்.

அக்கா: சரிங்க மாமா. பானட் திறந்து பார்த்தோம், பிரேக் ஆயிலும் குறைந்திருக்கிறது. வாங்கி ஊற்றிவிடட்டுமா?

ராசிபுரம் மாமா: குறைந்தபட்சக் கோட்டுக்கு மேலே இருந்தால் ஊற்றாதே. பேட் தேயத் தேயப் பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்துக்கு ஆயில் இறங்கிவிடும். புதுப் பேட் போட்டுப் பிஸ்டனை உள்ளே தள்ளினால் தானாக மேலே ஏறும். இப்போது நிரப்பினால் நாளைக்கு வழிந்து பெயின்ட்டைத் தின்றுவிடும். கோட்டுக்குக் கீழே போயிருந்தால் மட்டும் எனக்கு போன் பண்ணு. அது கசிவாக இருக்கலாம்.

வெள்ளி

அக்கா (காலை 10:40): [புகைப்படம்]

அக்கா: மாமா நீங்கள் சொன்னதேதான்! உள்பேட் கிட்டத்தட்ட தீர்ந்துவிட்டது. வெளிப்பேட் பாதி இருக்கிறது. இடது பக்கம் மட்டும் பேட் மாற்றினால் போதும் என்கிறார் மெக்கானிக் அண்ணன்.

ராசிபுரம் மாமா: போதாது. முன்பக்கம் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து மாற்றச் சொல். ஒரு பக்கம் புதிது, ஒரு பக்கம் பழையது என்றால் அவசரத்தில் மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். அதைவிட முக்கியம் அந்தப் பின். இறுகிய பின்னை அப்படியே விட்டுப் புதுப் பேட் போட்டால் அதுவும் இதே மாதிரி போய்விடும். பின்னைக் கழற்றி உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துத் துடைத்து, பிரேக்குக்கு என்று வருகிற சிலிக்கான் கிரீஸ் போடச் சொல். பேரிங்குக்குப் போடுகிற சாதாரண கிரீஸ் கூடாது, பின்னை மூடியிருக்கிற ரப்பர் ஊதிப்போய் மறுபடியும் இறுகிவிடும்.

அக்கா: ஒரு பின் கையால் அசைக்கவே முடியவில்லையாம் மாமா. சுத்தியலால் தட்டி எடுத்தார்.

ராசிபுரம் மாமா: அதுதான் காரணம். பள்ளம் விழுந்திருந்தால் பின்னையும் மாற்றிவிடு, அதிகச் செலவு இல்லை. ரப்பர் கிழிந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல், மழைத்தண்ணீர் அது வழியாகத்தான் உள்ளே போயிருக்கும்.

ராசிபுரம் மாமா: டிஸ்க்கில் குறைந்தபட்சக் கனம் எவ்வளவு என்று பொறித்திருக்கும். வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தாரா?

அக்கா: அளந்தார். அதற்குமேல் இருக்கிறது, இப்போதைக்கு மாற்ற வேண்டாம் என்றார். பேட்டுக்குப் பின்னால் வைக்கிற மெல்லிய தகட்டைப் புதிதாகவே போட்டுவிட்டார்.

ராசிபுரம் மாமா: நல்ல ஆள். அந்தத் தகடு இல்லாவிட்டால் புதுப் பேட்டும் அதிர்ந்து கத்தும். பிரேக் ஆயில் எப்போது மாற்றியது?

அக்கா: வண்டி வாங்கியதில் இருந்து மாற்றிய மாதிரி தெரியவில்லைங்க மாமா. கறுத்திருக்கிறது.

ராசிபுரம் மாமா: இன்றைக்கே மாற்று, மலைக்குப் போகிறாய். காற்றில் இருக்கிற ஈரத்தை அது உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 என்கிற வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்தால் 155 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். தொடர்ந்து இறங்கும்போது பிரேக் சூடாகி உள்ளே ஆயில் கொதித்தால் ஆவியாகும், பெடல் மெத்தென்று கீழே போய்விடும், வண்டி நிற்காது. 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது. ஆயில் டப்பா மூடி மேல் டாட் 3 என்று போட்டிருக்கிறதா, 4 என்று போட்டிருக்கிறதா பார்த்து வாங்கச் சொல்.

அம்மா: தம்பி, அவளைப் பயமுறுத்தாதே.

ராசிபுரம் மாமா: பயமுறுத்தவில்லைங்க அக்கா. தெரிந்துகொண்டு ஓட்டட்டும், குழந்தையோடு போகிறாள்.

அக்கா (மாலை 4:15): வண்டி வந்துவிட்டது. இரண்டு பக்கமும் பேட், ஒரு பின், ரப்பர், பிரேக் ஆயில். சத்தமே இல்லை. பின்சக்கரத்து பிரேக் டிரம்மையும் திறந்து தூள் எடுத்தார்.

ராசிபுரம் மாமா: காற்று அடித்து ஊதாமல் ஈரத்துணியால் எடுத்தாரா? அந்தத் தூளைச் சுவாசிக்கவே கூடாது.

அக்கா: கிளீனர் அடித்துத் துடைத்தார்ங்க மாமா. எடுப்பதற்கு முன்னால் பெடலை நாலைந்து முறை மிதித்துக் கெட்டியாக்கிக் காட்டினார்.

ராசிபுரம் மாமா: அது ரொம்ப முக்கியம். மிதிக்காமல் எடுத்தால் முதல் பிரேக் பிடிக்காது. இப்போது சேந்தமங்கலம் ரோட்டில் கூட்டம் இல்லாத இடமாகப் போய், 50 கி.மீ. வேகத்தில் இருந்து 10க்குக் கொண்டுவா, முழுதாக நிறுத்தாதே. கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிட்டு மறுபடியும். எட்டு, பத்து தடவை செய்தால் பேட் டிஸ்க்கோடு படிந்துவிடும். முதல் நாளே மலையில் வைத்துப் பழக்க வேண்டாம்.

நான்: இறங்கும்போது எந்த கியர் மாமா?

ராசிபுரம் மாமா: ஏறிய கியரிலேயே இறங்கு, இரண்டாவதுதான் பெரும்பாலும். நியூட்ரல் கூடவே கூடாது. பிரேக் மேல் காலை வைத்துக்கொண்டே இருக்காமல், வளைவுக்கு முன்னால் அழுத்தமாக மிதித்து விட்டுவிடு. ஏறி வருகிற வண்டிக்கு வழி விடு. கருகிய வாடை வந்தால் அகலமான இடத்தில் ஓரம் கட்டி அரைமணி நேரம் நில். டிஸ்க்கில் தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள், சூட்டில் கோணிவிடும், விரிசலும் விழும்.

சேலம் சித்தி: அண்ணா, அடுத்த வாரம் எங்கள் வண்டியின் பிரேக் ஆயிலையும் பார்த்துவிடுகிறேன். நாங்கள் மாற்றியதே இல்லை.

அக்கா (மாலை 6:50): ஓட்டிப் பார்த்துவிட்டோம். பெடல் மேலேயே கெட்டியாகப் பிடிக்கிறது. காலையில் 6 மணிக்குக் கிளம்புகிறோம் மாமா, காரவள்ளியில் டீக்கு நிறுத்துவோம்.

ராசிபுரம் மாமா: அங்கேயே நான்கு சக்கரத்துக்கும் அருகில் கை வைத்துப் பார் கண்ணு. முன்சக்கரம் இரண்டும் ஒரே சூடாக இருந்தால் ஏறு. இடது பக்கம் மட்டும் மறுபடியும் அனல் அடித்தால் ஏறாமல் எனக்கு அடி, நான் வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன், அதில் போய்க்கொள்ளலாம்.