பொருள்: மறு: டிஃபரன்ஷியல், ஆயில் சீல், கியர் ஆயில் – தமிழில் எப்படி எழுதுவது?

வணக்கம் நண்பர்களே,

> கார் பழுதுபார்ப்புக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். ‘டிஃபரன்ஷியல்’ என்பதற்கு ‘வகையீட்டுப் பல்லிணை’, ‘ஆக்சில் சீல்’ என்பதற்கு ‘அச்சு முத்திரை’, ‘கியர் ஃப்ளூயிட்’ என்பதற்குப் ‘பல்லிணைப் பாய்மம்’ என்று வைத்திருக்கிறேன். சரியா?

முத்திரையை முதலில் கழித்துவிடுவோம். இங்கே சீல் என்பது சுழலும் தண்டைச் சுற்றி எண்ணெய் கசியாமல் காக்கும் வளையம். அது பத்திரத்தில் இருக்க வேண்டியது. ‘அச்சு முத்திரையை மாற்றவும்’ என்று படிப்பவர் அச்சகத்தைத்தான் தேடிப் போவார்.

> ‘எண்ணெய் அடைப்பு’ போதுமே. எளிமையாக இருக்கிறது.

எளிமைதான், ஆனால் தமிழில் அடைப்பு என்றாலே கோளாறு: மூக்கடைப்பு, மாரடைப்பு, சாக்கடை அடைப்பு. இந்த இடத்தில் அது வெறும் ரசனைச் சிக்கலும் அல்ல. டிஃபரன்ஷியல் என்பது எஞ்சினின் சுழற்சியை இரு சக்கரங்களுக்கும் கொண்டுசேர்த்து, அவை வெவ்வேறு வேகத்தில் சுழலவும் விடும் பற்சக்கரத் தொகுதி. அதன் வெளியுறையின் மேல் ஒரு மூச்சுத்துளை உண்டு. வண்டி ஓடி எண்ணெய் சூடேறும்போது உள்ளே விரியும் காற்று அதன் வழியாக வெளியேறும். அந்தத் துளையில் சேறு ஏறி மூடிக்கொண்டால், அழுத்தம் எண்ணெயை சீலின் வழியே வெளியே தள்ளும். இதை உங்கள் சொல்லில் எழுதிப் பாருங்கள்: ‘மூச்சுத்துளையில் அடைப்பு ஏற்பட்டால் அடைப்பில் கசிவு ஏற்படும்.’ நீக்க வேண்டிய அடைப்பு எது, மாற்ற வேண்டிய அடைப்பு எது? சீலை மட்டும் மாற்றிவிட்டுத் துளையைப் பார்க்காமல் விடுவதுதான் பலரும் செய்யும் பிழை. சொல்லே அதற்குத் துணைபோகக் கூடாது.

என் பரிந்துரை ‘கசிவணை’. கசிவுக்குக் கட்டிய அணை. அதன் உறுப்புகளுக்குப் பெயர் தானாகவே வருகிறது. சுழலும் தண்டைத் தொட்டு நிற்கும் ரப்பர் விளிம்பு ‘இதழ்’. இதழைத் தண்டோடு இறுக்கிப் பிடிக்கும் சிறு கம்பிச்சுருள் ‘வளையவில்’. வெளிப்புறம் மெலிதாக இருப்பது ‘தூசி இதழ்’. பொருத்தும்போது வளையவில் உள்ள பக்கம் எண்ணெயை நோக்கி இருக்க வேண்டும். இந்த ஒரு வரி தெளிவாக அமைந்தால் கையேட்டின் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

‘பாய்மம்’ வேண்டாம். அதில் வளிமமும் அடங்கும். ஊற்றுவது எண்ணெய், எண்ணெய் என்றே எழுதுங்கள்.

டிஃபரன்ஷியலுக்கு வருகிறேன். ‘வகையீடு’ நுண்கணிதத்துக்கு உரியது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதற்காக நாமும் ஏன் ஒட்டுப்போட வேண்டும்? வண்டி திரும்பும்போது வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட அதிக தூரம் உருள வேண்டும். டிஃபரன்ஷியலின் உள்ளே சுழலும் கூடு நிமிடத்துக்கு 500 சுற்று சுழன்றால், உள்சக்கரம் 480, வெளிச்சக்கரம் 520 என்று பிரித்துக்கொள்ளும். ஒன்று இழந்ததை மற்றது பெறும். ‘வேகப் பகிர்வி’ என்கிறேன்.

—

ஐயா, நான் பயிற்சிப் பட்டறையில் பாடம் எடுப்பவள். சில ஐயங்கள்.

> என் பரிந்துரை ‘கசிவணை’.

என் மாணவர்கள் எல்லாரும் ஆயில் சீல் என்றே சொல்கிறார்கள். அணை என்றதும் நீர்த்தேக்கம் நினைவுக்கு வருகிறது. மேலும் கேஸ்கட்டும் கசிவைத் தடுப்பதுதானே? அதுவும் கசிவணையா?

> ‘வேகப் பகிர்வி’ என்கிறேன்.

எஞ்சினின் விசையை இரு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுப்பதுதான் அதன் வேலை என்று நாங்கள் கற்பிக்கிறோம். ‘விசைப் பகிர்வி’ பொருத்தமில்லையா?

இன்னொன்று: பினியன் சீலைப் பற்றிய பகுதியில் ‘நசுக்கும் குழல்’ என்று வருகிறதே, அது என்ன?

—

அம்மா, கடைசிக் கேள்விதான் முதல் தரமானது. அதை எடுத்துக்கொள்கிறேன்.

பினியன் என்பது எஞ்சினிலிருந்து வரும் சுழற்சியை டிஃபரன்ஷியலுக்குள் கொண்டுவரும் சிறு பற்சக்கரம். அதன் தண்டில் இரண்டு பேரிங்குகளுக்கு நடுவே மெல்லிய உலோகக் குழல் ஒன்று பல வண்டிகளில் இருக்கிறது. பினியன் நட்டை இறுக்க இறுக்க அது சுருங்கி, பேரிங்குகள் ஆட்டமில்லாமல் நிற்கத் தேவையான முன்னிறுக்கம் கிடைக்கிறது. நசுங்குவது அந்தக் குழல்தான். அது எதையும் நசுக்குவதில்லை. ‘நசுங்கு குழல்’ என்றிருக்க வேண்டும். தன்வினை, பிறவினை வேறுபாட்டை ஒற்றை எழுத்தில் காட்டும் மொழி நம் கையில் இருக்க, கையேட்டை எழுதியவர் அதைப் பயன்படுத்தவில்லை. இதில் விளைவும் இருக்கிறது. நசுங்கிய குழல் பழைய நீளத்துக்குத் திரும்பாது. பினியன் கசிவணையை மாற்ற நட்டைக் கழற்றுபவர், முதலிலேயே நட்டும் தண்டும் நின்ற நிலையைக் குறியிட்டு, பினியனைச் சுழற்ற எவ்வளவு முறுக்குவிசை தேவைப்படுகிறது என்று அளந்துவைக்க வேண்டும். திரும்பப் போடும்போது கூடுதலாக இறுக்கிவிட்டால் நட்டைத் தளர்த்திச் சரிசெய்ய முடியாது. புதுக் குழல்தான் போட வேண்டும். ‘நசுக்கும் குழல்’ என்று படித்தவருக்கு இந்த எச்சரிக்கை விளங்கவே விளங்காது.

கேஸ்கட் பற்றி நீங்கள் சொன்னது சரி, பிரித்துத்தான் ஆக வேண்டும். அசையாத இரு முகங்களுக்கு இடையில் வைப்பது ‘இடையடை’. சுழலும் தண்டைச் சுற்றி நிற்பது கசிவணை. முழு அடைப்பு என்ற பொருள் இரண்டாவதற்குப் பொருந்தவும் செய்யாது. இதழுக்கும் தண்டுக்கும் இடையே மெல்லிய எண்ணெய்ப் படலம் எப்போதும் இருக்கிறது. அது இல்லாவிட்டால் இதழ் சூடேறிக் கருகும். புதிய கசிவணையின் இதழில் எண்ணெய் தடவிப் பொருத்தச் சொல்வது அதற்காகத்தான். அணையிலும் மதகு இருக்கிறதே, நீர்த்தேக்கம் நினைவுக்கு வந்தால் வரட்டும்.

மாணவர்கள் ஆயில் சீல் என்பதை யாரும் தடுக்கவில்லை. கடையில் போய்க் கசிவணை கேட்டால் கிடைக்காது. முதன்முதலில் வரும் இடத்தில் இரண்டையும் எழுதுங்கள்.

விசைப் பகிர்வி: விசையில் பகிர்வதற்கு என்ன இருக்கிறது? சாதாரண டிஃபரன்ஷியல் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே முறுக்குவிசையைத்தான் தரும். ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கும்போது மறுபக்கத்துக்கும் அதே அற்ப விசைதான் போகிறது. நின்ற சக்கரம் 0, வழுக்கும் சக்கரம் 1000, கூடு 500. வண்டி நகராமல் ஒரு சக்கரம் மட்டும் வெறிகொண்டு சுழல்வதற்குக் காரணம் இதுதான். மாறிப் பகிரப்படுவது வேகம்.

இனி, யாரும் கேட்காத ஒன்று. எனக்கு இதுதான் பெரிய கவலை. எண்ணெய்ப் பகுதியில் இரண்டு இடத்தில் ‘தரம்’ என்ற சொல் வருகிறது: ‘ஜிஎல்-5 தரம்’, ‘90 தரம்’. தமிழில் தரம் என்றால் மேல், கீழ் என்ற ஏணி உடனே வந்துவிடுகிறது. 5 இருக்க 4 எதற்கு என்று படிப்பவர் நினைப்பார். அமெரிக்கப் பெட்ரோலியக் கழகமான ஏபிஐ வகுத்த ஜிஎல்-4, ஜிஎல்-5 இரண்டும் செய்யும் வேலையால் வேறுபட்டவை. டிஃபரன்ஷியலின் ஹைப்பாய்டு பற்சக்கரங்களில் பினியனின் அச்சு, அது சுழற்றும் பெரிய கிரவுன் சக்கரத்தின் அச்சை வெட்டாமல் விலகி நிற்கிறது. அதனால் பற்கள் உருள்வதோடு நீளவாக்கில் தேய்த்துக்கொண்டும் போகின்றன. அந்த அழுத்தத்தில் எண்ணெய்ப் படலம் கிழியும். அப்போது கந்தக, பாஸ்பரஸ் சேர்மானங்கள் எஃகின் மேற்பரப்போடு வினைபுரிந்து ஒரு காப்புப் பூச்சை உண்டாக்குகின்றன. ஜிஎல்-5இல் இவை மிகுதி. பழைய எண்ணெயை வடிக்கும்போது மூக்கைத் துளைக்கும் நாற்றமும் இந்தக் கந்தகத்தால்தான். ஆனால் ஜிஎல்-4 கேட்கும் கியர் பெட்டியில், ‘உயர்ந்தது’ என்று ஜிஎல்-5ஐ ஊற்றினால், கியர் மாற்றும்போது வேகங்களை ஒன்றாக்கும் அதன் பித்தளை ஒத்திசைவு வளையங்களைச் சில எண்ணெய்களில் உள்ள அதே கந்தகம் அரிக்கக்கூடும். எனவே ‘பணிவகை’ என்று எழுதுங்கள். ஜிஎல்-5 பணிவகை.

75டபிள்யூ-90, 80டபிள்யூ-90 என்பவற்றுக்குப் ‘பாகுநிலை எண்’. இதிலும் ஒரு பொறி: 90 என்றால் எஞ்சினுக்கு ஊற்றும் 40ஐவிட இரண்டு மடங்கு கெட்டி என்று தோன்றும். அளவுகோலே வேறு. 100 டிகிரி செல்சியஸில் பற்சக்கர எண்ணெயின் 90, எஞ்சின் எண்ணெயின் 40, 50ஐ ஒட்டித்தான் நிற்கிறது. டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குளிருக்கானது. 80 என்றால் மைனஸ் 26 டிகிரி வரையிலும், 75 என்றால் மைனஸ் 40 வரையிலும் எண்ணெய் வரம்புக்கு மேல் இறுகாது. ‘தரம்’ என்று போட்டுவிட்டு இதையெல்லாம் அடிக்குறிப்பில் விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

—

இருவருக்கும் நன்றி. திருத்தி எழுதிப் பார்த்தேன்:

> வேகப் பகிர்வியின் கசிவணையை (ஆயில் சீல்) மாற்றும் முன் மூச்சுத்துளையில் அடைப்பு உண்டா என்று பாருங்கள். வடிதிருகைத் தொடும் முன் நிரப்புதிருகைக் கழற்றிவிடுங்கள். அது கழலாவிட்டால், வடித்த எண்ணெய்க்கு மாற்றாக ஊற்ற வழியிருக்காது. பழைய கசிவணையை எடுத்தபின் தண்டில் இதழ் ஓடிய தடத்தை நகத்தால் வருடுங்கள். நகம் சிக்கினால் அங்கே பள்ளம் விழுந்திருக்கிறது. புதிய கசிவணையும் அதே இடத்தில் கசியும். கையேடு குறிப்பிடும் பணிவகையும் பாகுநிலை எண்ணும் உள்ள எண்ணெயை, நிரப்புதுளையின் கீழ்விளிம்பைத் தொடும்வரை ஊற்றுங்கள்.

ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுழல்வதைக் குறைக்கும் ‘லிமிட்டட் ஸ்லிப்’ டிஃபரன்ஷியல் மட்டும் பாக்கி. ‘வரையறுக்கப்பட்ட நழுவல் வேகப் பகிர்வி’ என்பது ஒரு ரயில் நீளம் இருக்கிறது.

—

‘நழுவல்தடுப்பி’ என்று தோன்றும், ஆனால் நழுவலை அது முழுதாகத் தடுப்பதில்லை. ‘நழுவல்மட்டி’ எப்படி? மட்டுப்படுத்துவது மட்டி. மட்டி என்றால் முட்டாள் என்றும் பொருள் உண்டு என்று யாராவது வருவார்கள். ‘மட்டுநழுவல் பகிர்வி’ என்றால் அந்தத் தொல்லை இல்லை. எந்தப் பெயர் வைத்தாலும், உராய்வுத் தட்டுகள் உள்ள வகைக்கு எண்ணெயோடு உராய்வு மாற்றி (தட்டுகளின் உராய்வைச் சீராக்கும் சேர்மானம்) சேர்க்கச் சொல்லியிருக்கிறதா என்று கையேட்டில் பார்த்து அந்த வரியையும் சேர்த்துவிடுங்கள். அந்தச் சேர்மானம் இல்லாமல், வண்டி திரும்பும்போது பின்பக்கம் கடகடவென்று அதிர்ந்தால், கசிவணையை மாற்றியவரைத்தான் குறை சொல்வார்கள்.