தலச்சேரி மாஸ்டர் சொன்ன கதைகளில் எதைக் குடும்ப வரலாற்றில் எழுதலாம்?

சந்தைக்கடைப் பேரன்:
எங்கள் கடை பொள்ளாச்சியில். முன்பக்கம் மளிகை, பின்கட்டில் பேக்கரி. மளிகை தாத்தா தொடங்கியது. 1950களில் கேரளத்துத் தலச்சேரியிலிருந்து வந்த ஒரு பேக்கரி மாஸ்டரை வேலைக்கு வைத்து, அவர் சொன்னபடி செங்கல் போர்மா (ரொட்டி சுடும் விறகடுப்பு) கட்டினார். வியாழக்கிழமை சந்தைக்கு மாடு ஓட்டி வருகிறவர்கள் புளி, வரமிளகாய் வாங்கிக் கணக்கில் எழுதச் சொல்வார்கள். பிள்ளைகளுக்கு வாங்கும் பன்னுக்கு மட்டும் கையில் காசு கொடுத்துவிடுவார்கள். மளிகைக் கடன் வசூலாகாத மாதங்களில் சரக்கு எடுத்ததெல்லாம் பேக்கரிக் காசில்தான் என்பார் அப்பா.

மாஸ்டர் இரண்டு கதை சொல்வாராம். இந்தியாவின் முதல் கேக் அவர் ஊரில் போட்டது. மாவு புளிக்கக் கள் ஊற்றுவது. அப்பா இரண்டையும் கப்சா என்கிறார். உண்மையா?

கண்ணூர்வாசி:
முதல் கதைக்கு ஆதாரம் இருக்கிறது. மாம்பள்ளி பாப்பு என்பவர் பர்மாவில் பிஸ்கட் போடக் கற்றுக்கொண்டு வந்து, 1880இல் தலச்சேரியில் ராயல் பிஸ்கட் ஃபேக்டரி தொடங்கினார். 1883 டிசம்பரில் அஞ்சரக்கண்டி இலவங்கப்பட்டைத் தோட்டத்துக்காரர் மர்டாக் பிரௌன், இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு கேக்கைக் கொண்டுவந்து, இதே மாதிரி செய்ய முடியுமா என்று கேட்டார். கோகோ, திராட்சை, பேரீச்சை அவரே கொடுத்தார். பக்கத்தில் பிரெஞ்சுக்காரர் ஆண்ட மாஹேயிலிருந்து பிரெஞ்சு பிராந்தி வாங்கிச் சேர்க்கச் சொன்னார். பாப்பு அதை விட்டுவிட்டு முந்திரிப்பழமும் கதலி வாழைப்பழமும் போட்டு வடித்த உள்ளூர்ச் சரக்கைச் சேர்த்தார். அச்சு தர்மடத்துக் கொல்லர் அடித்தது. துரைக்குப் பிடித்துப்போய் இன்னும் ஒரு டஜன் கேட்டார் என்பது அந்தக் குடும்பத்தார் சொல்வது. பிறகு வந்த தலைமுறைகள் கேரளத்தின் மற்ற ஊர்களிலும் கடை போட்டன.

பழைய பேரேடு:
சரி, ஆனால் இரண்டு திருத்தம். தோட்டத்தைத் தொடங்கிய மர்டாக் பிரௌன் 1828லேயே இறந்துவிட்டார். 1883இல் வந்தவர் அதே பெயரில் பின்னால் வந்த ஒருவராகத்தான் இருக்க வேண்டும். இணையத்தில் பலர் இருவரையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். அப்புறம், கல்கத்தாவில் டேவிட் வில்சன் என்ற வெள்ளைக்காரரின் பேக்கரி 1840களிலேயே நடந்தது. அதனால் "இந்தியாவின் முதல் கேக்" என்று எழுத வேண்டாம். "இந்தியர் ஒருவர் போட்ட முதல் கிறிஸ்துமஸ் கேக் என்று தலச்சேரியில் சொல்கிறார்கள்" என்றால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

விறகடுப்பு:
கள் கதையை அப்படித் தள்ளிவிடாதீர்கள். ஈஸ்ட் கிடைக்காத காலத்தில் தலச்சேரி இருக்கும் மலபாரில் மாவு புளிக்கக் கள்தான். சிக்கல் வேறு. 1948இல் சென்னை மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்தது. 1956 வரை மலபாரும் அதற்குள்தான் இருந்தது. மாஸ்டர் சின்ன வயதில் தலச்சேரியில் பார்த்ததைச் சொல்லியிருப்பார். பொள்ளாச்சிக் கடையில் ஊற்றினார் என்றால், உங்கள் தாத்தா கணக்கில் எழுதாத சரக்கு வாங்கியிருக்கிறார்!

போர்மாவைப் பற்றி எழுதுங்கள், அதுதான் எனக்குப் பெரிய விஷயம். உள்ளேயே விறகை எரித்து, கங்குகளை வெளியே இழுத்துவிட்டு, ஈரச்சாக்கால் தரையைத் துடைத்து, செங்கல்லில் நிற்கும் சூட்டில் வேக வைப்பது. எடுத்த எடுப்பில் ரொட்டி, சூடு இறங்க இறங்க பன், பிஸ்கட். கடைசியில் ரஸ்க்கை அடுக்கி மூடிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம், விடிவதற்குள் மொறுமொறுவென்று காய்ந்திருக்கும். ஒரு விறகுக்கு நாலு சரக்கு. கேஸ் அடுப்பில் இந்தக் கணக்கு வராது.

சந்தைக்கடைப் பேரன்:
நன்றி. ரஸ்க் விஷயத்தை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். மறுநாள் காலையில் ரஸ்க்கை எண்ணி எடுப்பது அவர் வேலையாம், எண்ணிக்கை தினமும் ரெண்டு மூணு குறையுமாம். கள்ளைப் பற்றிக் கேட்டதும் பேச்சை மாற்றிவிட்டார். பழைய பற்று வரவு நோட்டில் மைதா, டால்டா, விறகு எல்லாம் இருக்கிறது. "மாஸ்டர் கைச்செலவு" என்றும் வாராவாரம் ஒரு வரி வருகிறது. அது என்ன செலவு என்று அத்தையிடம் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.