என்ஜிசி 3198: சுழற்சி வேகத்திலிருந்து நிறை கணக்கிடும்போது பேரடையின் வடிவம் எங்கே நுழைகிறது?

கேள்வி (வளைகோடு)

என்ஜிசி 3198 சுழல் பேரடையின் 21 செமீ ஹைட்ரஜன் அளவீட்டை வைத்து நிறை கணக்கிடுகிறேன். மையத்தோடு ஒப்பிட்டால் வெளிப்புற வாயு ஒரு பக்கம் விலகியும் மறுபக்கம் நெருங்கியும் வினாடிக்கு ஏறக்குறைய 143 கிமீ காட்டுகிறது. ஆரம் 30 கிலோபார்செக் (ஒரு கிலோபார்செக் ஏறத்தாழ 3,260 ஒளியாண்டு). வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் பெருக்கி ஈர்ப்பு மாறிலியால் (இந்த அலகுகளில் 4.3 × 10⁻⁶) வகுத்தால் 1.43 × 10¹¹ சூரிய நிறை வருகிறது. இந்தச் சூத்திரம் கோளத்துக்கு உரியதாயிற்றே, தட்டையான பேரடைக்குப் போடலாமா? இன்னொன்று: எம்87 என்ற நீள்வட்டப் பேரடை இதைவிட மிகக் கனமானது, ஆனால் சுழற்சி மிகக் குறைவு. அப்படியானால் சுழற்சிக்கும் நிறைக்கும் என்ன உறவு?

பதில் (ரேடியோக்காரன்)

கோளமா தட்டா என்பது இருக்கட்டும், முதலில் சாய்வைத் திருத்துங்கள். டாப்ளர் பெயர்ச்சி (இயக்கத்தால் அலைநீளம் மாறுவது) தருவது பார்வைக் கோட்டு வேகத்தை மட்டும். இந்தப் பேரடையின் சாய்வு சுமார் 72 பாகை (முகம் நேரே தெரிந்தால் 0, விளிம்பு தெரிந்தால் 90). 143-ஐ சைன் 72, அதாவது 0.95-ஆல் வகுத்தால் 150 கிமீ. நிறை 1.57 × 10¹¹.

இங்கே திருத்தம் சிறிது. முகம் காட்டும் பேரடையில்தான் ஆபத்து: 25 பாகையை 20 என்று எடுத்துவிட்டால் வேகம் 1.24 மடங்கும் நிறை 1.5 மடங்கும் ஏறிவிடும். 30 பாகைக்குக் கீழுள்ளவற்றைப் பலரும் ஒதுக்குவது இதனால்தான். படத்தின் அகல-நீள விகிதத்திலிருந்து சாய்வு எடுப்பதானால் தட்டின் தடிமனையும் கணக்கில் சேருங்கள். முழு விளிம்பு நிலையிலும் விகிதம் பூஜ்யமாகாது, 0.2 அளவில் நிற்கும். நடுவில் பட்டை இருந்தால் படம் ஏமாற்றும். வேகப் படத்தையே வளையம் வளையமாகப் பிரித்துப் பொருத்துவது நல்லது. வெளிப்புற வாயுத் தட்டு வளைந்திருந்தால் அதுவும் தெரிந்துவிடும்.

தூரத்தையும் பாருங்கள். 30 கிலோபார்செக் என்பது 9.2 மெகாபார்செக் தூரத்துக்கான கணக்கு. செஃபீடு விண்மீன்கள் (துடிப்புக் காலத்தை வைத்துத் தூரம் கணிக்க உதவுபவை) தரும் தூரம் 13.8. அதே கோண அளவு இப்போது 45 கிலோபார்செக், நிறையும் 1.5 மடங்கு. வேகம் மட்டும் மாறாது.

பதில் (தட்டும் ஒளிவட்டமும்)

தட்டு பற்றி: மையத்திலிருந்து அடுக்குக்குறியாக ஒளி குறையும் தட்டில், அளவுநீளத்தின் (ஒளி சுமார் மூன்றில் ஒரு பங்காகக் குறையும் தூரம்) 2.2 மடங்கில் வேகம் உச்சம் தொடும். அதே நிறை கோளமாக இருந்தால் வருவதைவிட அந்த உச்சம் ஏறத்தாழ 15% கூடுதல். இந்தப் பேரடையில் அளவுநீளம் (9.2 தூரக் கணக்கில்) சுமார் 2.7 கிலோபார்செக், ஆக உச்சம் 6-க்கு அருகே. தெரியும் பொருள் மட்டும் இருந்தால் அதன்பின் வேகம் இறங்க வேண்டும். 30 வரை இறங்கவே இல்லை. அங்கே ஆட்சி செய்வது இருண்ட பொருளின் ஒளிவட்டம் (பேரடையைச் சூழ்ந்த, கண்ணுக்குத் தெரியாத உறை). அதைக் கோளமாகக் கொள்வதில் பெரிய தவறில்லை. உங்கள் சூத்திரம் வெளிப்புறத்தில் செல்லும், 6 கிலோபார்செக்கில் போடாதீர்கள்.

உட்பகுதியில் தட்டுக்கு எவ்வளவு, ஒளிவட்டத்துக்கு எவ்வளவு என்பதைச் சுழற்சி வளைகோடு (ஒவ்வோர் ஆரத்திலும் வேகம் எவ்வளவு என்று காட்டுவது) மட்டும் தீர்க்காது. தட்டின் நிறை-ஒளி விகிதத்தை (ஓர் அலகு ஒளிக்கு எவ்வளவு நிறை என்பதை) மாற்றி மாற்றி ஒரே வளைகோட்டைப் பல விதமாகப் பொருத்தலாம். ஒரே ஒரு பொருத்தத்தைக் காட்டி முடிவு சொல்லும் கட்டுரைகளை நான் நம்புவதில்லை.

பதில் (நீள்வட்டம்)

எம்87 கேள்விக்கு: நிறையைத் தாங்கி நிற்பது மொத்த இயக்கம், அதில் ஒழுங்கான சுழற்சி ஒரு பங்குதான். தட்டுப் பேரடையில் பெரும்பங்கு சுழற்சி. எம்87-இல் விண்மீன்கள் எல்லாத் திசையிலும் ஓடுகின்றன. மையத்தருகே வேகச் சிதறலே (விண்மீன்களின் வேகம் சராசரியிலிருந்து விலகும் அளவு) வினாடிக்கு 300 கிமீக்கு மேல். அங்கே சுழற்சி வேகத்தைச் சூத்திரத்தில் போட்டால் நிறை அபத்தமாகக் குறைந்து வரும். சிதறலின் வர்க்கம் × பாதி ஒளி அடங்கும் ஆரம் × 5 ÷ ஈர்ப்பு மாறிலி என்று எடுங்கள்.

வேகமாகச் சுழன்றால் தட்டையாகும் என்பதும் அரை உண்மை. தட்டைத்தன்மை 0.4 (குறுக்களவு நீளத்தின் 0.6 பங்கு) உள்ள நீள்வட்டம் சுழற்சியால் மட்டுமே தட்டையானது என்றால், வேகத்துக்கும் சிதறலுக்கும் உள்ள விகிதம் 0.8 அளவில் இருக்க வேண்டும். 1970-களில் அளந்து பார்த்தபோது பெரிய நீள்வட்டங்களில் அது எட்டவில்லை. ஒரு திசையில் சிதறல் கூடுதலாக இருப்பதே அவற்றைத் தட்டையாக்குகிறது. ஆனால் எல்லா நீள்வட்டமும் மந்தமும் அல்ல: அட்லஸ்3டி ஆய்வு பார்த்த 260 நீள்வட்ட, லென்ஸ் வடிவப் பேரடைகளில் மெதுவாகச் சுழல்பவை 36தான்.

பதில் (ரேடியோக்காரன்)

சரிபார்க்க ஒரு குறுக்குவழி: தட்டையான பகுதியின் வேகத்தை நான்காம் அடுக்குக்கு உயர்த்தி 47-ஆல் பெருக்குங்கள். விண்மீனும் வாயுவும் சேர்ந்த நிறை சூரிய நிறைகளில் வரும். 150-க்கு 2.4 × 10¹⁰. 30 கிலோபார்செக் கணக்கின் மொத்த நிறை இதைப்போல ஆறரை மடங்கு. வேகம் இன்னும் ஏறிக்கொண்டே இருக்கும்போது வாயு முடிந்துவிடும் குள்ளப் பேரடைகளுக்கு இதைப் போடாதீர்கள், நிறை குறைத்துக் காட்டும்.