இலவசமாகப் பாவிக்கிறார்கள், காசு கட்ட ஆள் இல்லை: டெவலப்பர்களுக்கான மெஷின் லேர்னிங் (எம்எல்) ஸ்டார்ட்அப்பை எப்படி வளர்ப்பது?

உவர்மலைவாசி:
வணக்கம். திருகோணமலையில் நாங்கள் மூன்று பேர், கோணேசபுரி கம்பஸில் ஒன்றாகப் படித்தவர்கள், டெவலப்பர்களுக்கு ஒரு கருவி செய்கிறோம். கோட் ஏற்றியதும் தானாக ஓடுகிற டெஸ்டுகள் விழுந்தால், என்ன நடந்தது என்று வரிவரியாகப் பதிவாகிற அந்த நீண்ட லொக்கை ஏஐ மொடலால் வாசித்து, இது கோடில் உள்ள பிழை, இது ஒருநாள் பாஸ் ஒருநாள் ஃபெயில் ஆகிற டெஸ்ட், இது சேர்வர் கோளாறு என்று பிரித்துச் சொல்லும். கோட் பகிர்கிற தளமான கிட்ஹப்பில் ஸ்டார் (லைக் மாதிரி) ஏறுகிறது, சில நூறு பேர் விடாமல் பாவிக்கிறார்கள். ஆனால் கட்டணத் திட்டத்துக்கு வாருங்கள் என்றால் ஒருத்தரும் அசைவதில்லை, மொடலுக்கு நாங்கள் கட்டுகிற பில் மட்டும் மாதாமாதம் கூடுகிறது. முதலீடு தேடுவதா, இன்னும் நாலு வசதி சேர்ப்பதா, கொழும்புக்கு மாறுவதா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

நிலாவெளிக்காரி:
தம்பி, முதலில் கைட் கதையைத் தேடி வாசியுங்கள். 2014இல் தொடங்கிய கம்பனி, கோட் எழுதும்போது அடுத்த வரியை எடுத்துக் கொடுக்கும் கருவி. மாதம் 5 இலட்சம் டெவலப்பர்கள் பாவித்தார்கள், விளம்பரத்துக்குப் பெரிய செலவும் இல்லை. அப்படியிருந்தும் 2022 நவம்பரில் மூடினார்கள். தனி டெவலப்பர் கருவிக்குக் காசு கட்டமாட்டார், அவருடைய மனேஜர் கட்டக்கூடும், ஆனால் உங்கள் ஆட்கள் 18 சதவீதம் வேகமாக எழுதுவார்கள் என்று சொன்னால் அந்த மனேஜரும் பெரிதாக அசையமாட்டார், இதுவரை இல்லாத ஒரு திறனைக் காட்டினால்தான் அவர் காசை எடுப்பார் என்று அதன் நிறுவனரே எழுதினார்.

கோட் எழுத உதவுகிற கிட்ஹப் கோபைலட்டுக்கு 2022 ஜூனிலிருந்து மாதம் 10 டொலர் கட்டுகிறார்களே என்று கேட்பீர்கள். அதன் பின்னால் இருக்கிற மைக்ரோசொஃப்டிடம் கோட் எழுதுகிற எடிட்டரும் இருக்கிறது, கிட்ஹப்பும் இருக்கிறது. உங்களுக்கு அந்தக் கதவுகள் இல்லை.

அதனால் ஸ்டாரைப் பார்க்காமல், டெஸ்ட் விழுந்தால் தலையிடி யாருக்கு என்று பாருங்கள். இரவு ரிலீஸ் நிற்கிறதே என்று தவிக்கிறவர் டீம் லீட். கூகுள் 2016இல் தன் நிலைமையை வெளியிட்டது: அவர்களுடைய டெஸ்டுகளில் ஏறக்குறைய 16 சதவீதம் ஏதோ ஒரு அளவுக்கு நம்பமுடியாதவை. பாஸ் ஆகிக்கொண்டிருந்த டெஸ்ட் திடீரென விழுந்த இடங்களில் 84 சதவீதத்தில் அப்படிப்பட்ட டெஸ்ட் ஒன்று சம்பந்தப்பட்டிருந்தது. அவ்வளவு பெரிய இடத்திலேயே இப்படி என்றால் நூறு பேர் வேலை செய்கிற கம்பனி என்ன பாடுபடும்? நீங்கள் விற்கவேண்டியது அந்த டீம் லீட்டுக்கு.

கொழும்பு வேண்டாம். வாங்குகிறவர் அங்கேயும் இல்லை, செலவுதான் கூடும்.

சேர்வர்ப்பக்கம்:
அக்கா விற்கிற பக்கத்தைச் சொல்லிவிட்டார், நான் பில்லைப் பற்றிச் சொல்கிறேன். எல்லா லொக்கையும் பெரிய மொடலுக்கு அனுப்புகிறீர்கள் என்று நினைக்கிறேன், அதை நிறுத்துங்கள். ஒரு வேலை 137 என்ற எண்ணோடு நின்றால் அது 128 கூட்டல் 9, 9 என்பது வேலையைக் கட்டாயமாக நிறுத்துகிற சிக்னல், அதாவது வெளியிலிருந்து கொன்றிருக்கிறார்கள், கன்டெய்னரில் என்றால் பெரும்பாலும் மெமரி போதாமல்தான். இதைச் சொல்ல ஒரு ரூல் போதும், மொடலே தேவையில்லை. ரூலுக்குப் பிடிபடாததை உங்கள் சேர்வரிலேயே ஓடும் சின்ன மொடலுக்குக் கொடுங்கள், அதுவும் தடுமாறினால் மட்டும் பெரிய மொடல். ஒரே டெஸ்ட் ஒரே மாதிரி விழுந்தால் பழைய பதிலை எடுத்துக் கொடுங்கள், லொக்கில் உள்ள நேரத்தையும் ஐடிகளையும் வெட்டிவிட்டு ஒப்பிட்டால் போதும்.

அப்புறம் இன்னொன்று, இதுதான் எனக்கு முக்கியம். லொக்கின் கடைசியில் டேட்டாபேஸுக்கு இணைப்பு மறுக்கப்பட்டது என்று சிவப்பில் கிடக்கும், அதை நம்பி ஒருத்தர் நெட்வேர்க்கைத் தோண்டிக்கொண்டிருப்பார். ஆயிரம் வரி மேலே போனால் டிஸ்கில் இடமில்லை என்று ஒரேயொரு வரி இருக்கும், டேட்டாபேஸ் எழும்பாமல் போனதே அதனால்தான். உங்கள் கருவி கடைசி வரியைக் காரணம் என்று அடித்துச் சொன்னால் அந்த டெவலப்பர் மறுமுறை அதைத் திறக்கமாட்டார். உறுதி இல்லாவிட்டால் வாயை மூடிக்கொள்ளட்டும். நூறில் அறுபதுக்குப் பதில் சொல்லி அதெல்லாம் சரியாக இருப்பது, நூறுக்கும் சொல்லி முப்பதில் ஆளை அலையவைப்பதைவிட எவ்வளவோ மேல். புதுவசதி நாலையும் தள்ளிவைத்து இதை முதலில் சரிபண்ணுங்கள்.

கிண்ணியாத்தம்பி:
காசு வாங்குகிற வழியையும் இப்போதே யோசியுங்கள். இணையத்தில் கார்ட் மூலம் காசு வாங்க உதவுகிற ஸ்ட்ரைப், இலங்கைக் கம்பனிக்கு நேரடியாகக் கணக்குத் தருவதில்லை. கம்பனி பதிந்து தருகிற அவர்களுடைய அட்லஸ் சேவை மூலம் அமெரிக்காவில் டெலவேயரில் கம்பனி பதியலாம், நிறையப் பேர் செய்கிறார்கள், ஆனால் அங்கே வருடாவருடம் கணக்குக் காட்டவேண்டும். வெளிநாட்டவர் கையிலுள்ள கம்பனி தரவேண்டிய 5472 படிவத்தைத் தவறவிட்டால் தண்டப்பணமே 25,000 டொலரில் தொடங்குகிறது. முதல் இரண்டு மூன்று பெரிய வாடிக்கையாளருக்கு இதெல்லாம் தேவையில்லை. வருடத்துக்கு ஒரு இன்வொய்ஸ், இங்குள்ள வங்கியின் டொலர்க் கணக்குக்கு நேரே அனுப்பச் சொல்லுங்கள்.

லொக்கில் பாஸ்வேர்டு, டோக்கன் எல்லாம் வரும், தெரியும்தானே? அவர்களுடைய மெஷினை விட்டு வெளியேற முன்பே அதை மறைத்துவிடவேண்டும். எங்கள் லொக்கை வைத்து உங்கள் மொடலைப் பயிற்றுவீர்களா என்று எந்தக் கம்பனியும் கட்டாயம் கேட்கும், பதிலை ஒரு பக்கத்தில் தெளிவாக எழுதி வைத்திருங்கள்.

உவர்மலைவாசி:
எல்லோருக்கும் பெரிய நன்றி. அக்கா எழுதியதை வாசித்துவிட்டு பதிவுப் பட்டியலை மின்னஞ்சல் முகவரிப்படி பிரித்துப் பார்த்தோம். சென்னையில் ஒரே கம்பனியிலிருந்து பல பேர் தனித்தனியாகச் சேர்ந்து பாவிக்கிறார்கள், இது எங்கள் கண்ணில் படவே இல்லை. அவர்களுடைய லீட்டுக்கு எழுதப்போகிறோம். விலை எப்படிச் சொல்வது அக்கா, ஆளுக்கு இவ்வளவு என்றா?

நிலாவெளிக்காரி:
ஆளுக்கு வேண்டாம், டீமுக்கு இவ்வளவு என்று ஒரே தொகையாகச் சொல்லுங்கள், ஆளைக் கூட்டினால் காசு கூடும் என்றால் அவர்களே ஆட்களைக் குறைப்பார்கள். முதல் கடிதத்தில் விலையே வேண்டாம். கடந்த மாதம் அவர்களுடைய எந்த டெஸ்ட் எத்தனை தடவை சும்மா விழுந்தது, அதைத் திரும்ப ஓடவிட்டதில் எத்தனை மணித்தியாலம் போனது என்பது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அந்தக் கணக்கைப் பார்க்கலாமா என்று முதலில் லீட் தங்கள் ஆட்களிடம் சம்மதம் வாங்கட்டும், வாங்கியதும் அதை ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பி அரை மணித்தியாலம் பேசக் கேளுங்கள். இங்கேயும் சென்னையிலும் ஒரே நேரம், ஆகவே காலையிலேயே எழுதுங்கள்.