வீடு வாங்கப் போய்ப் பார்த்ததில் இன்னும் உறுத்துகிற ஒன்று: எழுதுங்கள்

குடமுருட்டி:
திருவையாறு பக்கம் மறுவிற்பனைக்கு வந்த வீடு. புது எமல்ஷன் வாசனைகூடப் போகவில்லை. ஹாலில் மட்டும் சுவரில் மூன்றடி உயரத்துக்கு டைல், அழகுக்காம். ஐந்து ரூபாய்க் காசால் தட்டினால் மேலே கணீர், கீழே பொத்துப் பொத்து. ஒரு டைல் கையோடு வந்தது. பின்னால் பூச்சு மாவாகக் கொட்டியது, செங்கல்மேல் வெள்ளை வெள்ளையாக உப்பு. பேஸ்மட்டத்துக்கு மேல் ஈரத்தடுப்புப் படலம் போடாததன் கூலி. இரண்டடிச் சதுர பாலிதீனைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் வேர்த்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது, வெளிப்பக்கம் வேர்த்தால் அறைக் காற்றிலிருந்து.

அரசலாறு:
மேல சொன்னவர் எந்த மாசத்துல ஒட்டணும்னு சொல்லலையே. சித்திரை வெயில்ல ஒட்டினா ஒரு சொட்டு தெரியாது. வாய்க்கால்ல தண்ணி ஓடி, ஐப்பசி மழையும் பிடிச்ச பிறகு ஒட்டுங்க. விரிசல் பாக்கத்தான் கோடை. களிமண்ணு காஞ்சு சுருங்குறப்பதான் விரிசல் வாய் திறக்கும். நீடாமங்கலத்துல ஒரு வீடு, ஜன்னல் மூலையிலேர்ந்து சாய்வா மேல போற விரிசலைப் பட்டி வச்சு மூடிட்டாங்க. விளக்கை அணைச்சு டார்ச்சைச் சுவரோட ஒட்டிச் சாய்ச்சுப் பிடிச்சா முழுக் கோடும் தெரிஞ்சுது. அகலம் 1 மி.மீ.க்குள்ள, ஒரு பக்கம் மட்டும்னா பெரும்பாலும் பூச்சுதான். 2 மி.மீ.க்கு மேல, உள்ளேயும் வெளியேயும் அதே இடத்துல இருந்தா அஸ்திவாரத்தைச் சந்தேகப்படுங்க. கோட்டுக்குக் குறுக்க கண்ணாடித் துண்டைப் பாரிஸ் சாந்துல ஒட்டித் தேதி போட்டு வைங்க. துண்டு உடைஞ்சா வீடு இன்னும் நகருதுன்னு அர்த்தம்.

உப்பளத்தான்:
வேதாரண்யம் பக்கம் என்றால் மேலே ரெண்டு பேர் சொன்னதும் போதாது. 2018 நவம்பர் கஜா புயலுக்கு அப்புறம் ஒட்டுப்போட்ட சன்ஷேடு இன்னும் நிறைய நிற்கிறது. ஒன்றை அடியிலிருந்து ஸ்க்ரூடிரைவரால் குத்தியதும் உள்ளங்கை அளவு சிமெண்ட் விழுந்தது. கம்பி துருவேறித் தேய்ந்திருந்தது. கம்பியைச் சுற்றி ஏறும் துரு பருத்துக் கான்கிரீட்டை நெட்டித் தள்ளும். துருவைச் சுரண்டாமல் மேலே பூசுவது வீண். மொட்டை மாடி வடிகாலை அடைத்து இரண்டு அங்குலத் தண்ணீரை ஒரு நாள் நிறுத்திச் சீலிங்கைப் பாருங்கள்.

வெண்ணாறு:
கியாரண்டியைப் பற்றி யாரும் பேசவில்லை. திருவாரூரில் கைமாறின பழைய வீட்டில் கரையான் மருந்து அடித்ததாக ஐந்து வருஷ அட்டை காட்டினார்கள். கட்டின வீட்டில் அடித்தால் தரையும் சுவரும் சேரும் ஓரத்தில் அடிக்கு ஒரு ஓட்டை போட்டு, ஓட்டைக்கு ஒரு லிட்டர் மருந்து இறக்கி, வெள்ளைச் சிமெண்டால் அடைத்த தடம் இருக்கணும். அந்த மொசைக் ஓரத்தில் ஒரு பொட்டு இல்லை. அட்டையும் பழைய உரிமையாளர் பேரில். பேர் மாற்றித் தருவோம் என்று கம்பெனி எழுதித் தராவிட்டால் அது வெறும் காகிதம்.

பில்டரிடம் புதிதாக வாங்குகிறவர்களுக்கு 2016 ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டத்தின் 14-ஆம் பிரிவு: ஒப்படைத்து 5 வருஷத்துக்குள் கட்டுமானக் குறையைச் சொன்னால் 30 நாளில் செலவில்லாமல் சரிசெய்யணும். ஆனால் மனை 500 சதுர மீட்டருக்கு மேற்படாவிட்டாலோ, வீடுகள் எட்டுக்கு மேற்படாவிட்டாலோ ரெராவில் பதிவு தேவையில்லை. நம் ஊர்த் தனி வீடுகள் பெரும்பாலும் அதற்குள்தான். அதனால் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்: எந்தச் சுவர், எந்த மாடி, எத்தனை மழைக்காலம், யார் செலவு. “நல்ல நிலையில் உள்ளது” என்ற வரிக்கு ஒரு பொருளும் இல்லை. கொஞ்சம் பணத்தைத் தை வரைக்கும் பிடித்து வைக்கச் சம்மதிக்கிறாரா கேளுங்கள். முகம் சுளித்தால் அதுவே பதில்.

மறுவிற்பனையில் 1882 சொத்து மாற்றச் சட்டம், 55-ஆம் பிரிவு: வாங்குபவர் சாதாரணமாகப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத பெரிய குறை விற்பவருக்குத் தெரிந்திருந்தால் சொல்லியாகணும், ஒப்பந்தம் வேறுவிதமாக இல்லாதவரை. “உள்ளது உள்ளபடி” என்று கையெழுத்துப் போடும் முன் இதை நினையுங்கள்.

கும்பேசன் தெரு:
அதெல்லாம் சரி சார், கும்பகோணத்துல மொதல்ல அடிமனை, அதாவது வீடு நிக்கிற நிலம், யாருதுன்னு பாருங்க. கோயில் மனைன்னா கட்டடம் மட்டும்தான் கைமாறும், கோயிலுக்குப் பகுதி, அதான் மனை வாடகை, கட்டிக்கிட்டே இருக்கணும். காசால தட்டுறதெல்லாம் அப்புறம்.