பழநி பாதயாத்திரை: கொப்புளத்தோடு நடக்கலாமா?

வணக்கம். தைப்பூசத்துக்கு நாங்கள் நாலு பேர் பழநிக்கு நடந்துகொண்டிருக்கிறோம். இன்று விடியற்காலை 3 மணிக்குத் திண்டுக்கல்லில் கிளம்பி, ரெட்டியார்சத்திரம் வழியாக இருட்டும்போது ஒட்டன்சத்திரம் வந்துவிட்டோம். மதியம் தார் ரோடு கொதித்தது. ஓரத்து வெள்ளைக் கோட்டில்தான் சூடு கொஞ்சம் குறைவு, அதன் மேலேயே வரிசையாக நடந்தோம். வழியில் மோர் கொடுத்தவர்கள் நன்றாக இருக்க வேண்டும்.

இப்போது நண்பனின் வலது குதிகாலில் எலுமிச்சம்பழ அளவுக்குக் கொப்புளம். மாலை போட்டிருப்பதால் செருப்பு வேண்டாம் என்கிறான். இன்னும் 25 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. கொப்புளத்தை உடைக்காமல் துணி சுற்றி நடந்தால் தாங்குமா? சத்திரப்பட்டி, ஆயக்குடி பக்கம் கால் பார்க்கும் மருத்துவ முகாம் இருந்தால் சொல்லுங்கள். அவனை விட்டுவிட்டு மலையேற எங்களுக்கு மனசில்லை. அதிகாலையில் கிளம்ப வேண்டும், தெரிந்தவர்கள் உடனே பதில் போடுங்கள்.